பெர்லினில் ஒரு சிறுவர் நாடகக் கொட்டகை

பெர்லின் ஊபானில் ஒன்பதாம் நம்பர் லைனைப் பிடித்து ஹன்ஸாபிளாட்ஸ் ஸ்டேஷனில் இறங்கிப் படியேறினால், எதிரே கிரிப்ஸ் தியேட்டர்தான். மழை பெய்தால்கூடக் குடை விரிக்கும் முன்னாடி உள்ளே போயிடலாம். அவ்வளவு பக்கம். முதல் தடவை பார்க்கிறவங்க இதையா இவ்வளவு பெருமையாச் சொன்னாங்கன்னு நினைப்பாங்க. தாழ்வான, தட்டையான கட்டடம். தூண்கள் கிடையாது, பொன் பூச்சு கிடையாது. ஊர்ப்பக்கத்து டூரிங் டாக்கீஸுக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். அப்படித் தோன்றுவதிலும் தப்பில்லை. இது முன்னாடி பெல்வ்யூ என்ற சினிமாக் கொட்டகை. 1974-இல்தான் நாடகக்காரர்கள் இங்கே குடிவந்தார்கள்.

போன சனிக்கிழமை நாங்கள் நாலு பேர் போனோம். நான், மனைவி, எட்டு வயது மகள், டோர்ட்முண்டிலிருந்து வந்திருந்த மாமனார். மாமாவைக் கூட்டிப்போவதா வேண்டாமா என்று வீட்டில் ஒரு விவாதமே நடந்தது. எழுபதைத் தொடுகிற மனுஷன், ரெண்டு மணி நேரம் சின்னப் பிள்ளைகள் கத்துவதை ஏன் கேட்கணும்? "நான் வாறன். வீட்டிலை இருந்து என்ன செய்யிறது?" என்று அவரே ஷூவை மாட்டிக்கொண்டார்.

இடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். போரில் குண்டு விழுந்து ஹன்ஸா பகுதியின் பெரும்பகுதி தரைமட்டமானது. 1957-இல் மேற்கு பெர்லின் ஒரு சர்வதேசக் கட்டடக் கண்காட்சி நடத்தி, உலகத்தின் பெரிய கட்டடக் கலைஞர்களைக் கூப்பிட்டு, ஆளுக்கொரு வீட்டுத் தொகுதி கட்டச் சொன்னது. வால்ட்டர் குரோப்பியஸ், அல்வார் ஆல்ட்டோ, பிரேசிலின் ஆஸ்கர் நீமாயர் எல்லாரும் கட்டினார்கள். மரங்களுக்கு நடுவே அந்த வீடுகள் இன்னும் நிற்கின்றன, ஜனங்கள் குடியிருக்கிறார்கள். ஊபான் ஸ்டேஷன் திறந்தது 1961 ஆகஸ்ட் 28. பெர்லின் சுவர் எழும்பிப் பதினைந்தே நாள். மேற்கும் கிழக்கும் பிரிந்த கையோடு திறந்த ஸ்டேஷன் இது. எஸ்பான் ரயில் பாலம் இந்தப் பகுதியை ஒட்டித்தான் போகிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

சிறுவர் நாடகக் கம்பெனி என்றதும் நமக்கு வேறொன்று ஞாபகம் வரும். பாய்ஸ் கம்பெனி. சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் தொடங்கிய பால சபையில்தான் டி.கே.எஸ். சகோதரர்கள் பயிற்சி பெற்றார்கள். எம்.ஜி.ஆர். சின்ன வயசில் சேர்ந்தது மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில். பத்து வயசுப் பையன் ராஜாவாகவும் ராணியாகவும் வேஷம் கட்டிப் பெரியவர்களுக்காகப் பாடிய காலம் அது. கிரிப்ஸில் இதை அப்படியே தலைகீழாகப் போட்டுக்கொள்ளுங்கள். முப்பது, நாற்பது வயசு நடிகர்கள் முதுகில் பள்ளிப் பை மாட்டிக்கொண்டு எட்டு வயசுப் பிள்ளைகளாக நடிக்கிறார்கள். பார்க்கிறவங்கதான் குழந்தைகள்.

இந்தக் கம்பெனியின் கதை ஒரு நையாண்டிக் குழுவில் ஆரம்பிக்கிறது. 1960-களின் நடுவில் மேற்கு பெர்லினில் ரைஷ்ஸ்கபரெட் என்று ஒரு குழு. அரசியல்வாதிகளைக் கிண்டல் பண்ணிப் பாட்டும் வசனமுமாக ராத்திரி நிகழ்ச்சி நடத்துகிற ஆட்கள். அதில் முக்கியமானவர் ஃபோல்கர் லூட்விக். 1937-இல் பிறந்தவர், நாடக எழுத்தாளர். ராத்திரி பெரியவர்களுக்கு நடத்தின அதே மேடையில் 1966-லிருந்து பகலில் குழந்தைகளுக்கும் நாடகம் போடத் தொடங்கினார்கள். ஜெர்மனியில் அப்போது குழந்தை நாடகம் என்றால் பெரும்பாலும் கிறிஸ்துமஸ் சமயத்து தேவதைக் கதைதான். இளவரசி, சூனியக்காரி, கடைசியில் கல்யாணம். 1969-இல் லூட்விக்கும் அவர் தம்பி ரைனர் ஹாக்ஃபெல்டும் சேர்ந்து எழுதிய "ஸ்டோக்கர்லோக் உண்ட் மில்லிப்பில்லி" அந்தப் பாதையை விட்டு விலகியது. அதற்கப்புறம் மெதுமெதுவாக சூனியக்காரி காணாமல் போனாள். அவள் இடத்தில் வீட்டுக்காரர், வாத்தியார், அப்பா எல்லாரும் வந்து நின்றார்கள்.

1972-இல் கிரிப்ஸ் என்று பெயர் வைத்தார்கள். பேச்சு ஜெர்மனில் அதற்கு மூளை, சூட்டிகை என்று அர்த்தம். "மண்டைல ஏதாவது இருக்கா?" என்று நாம கேட்கிறோமே, அந்த "ஏதாவது"தான் கிரிப்ஸ்.

எழுபதுகளில் வந்த நாடகங்களின் விஷயங்களைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியமாக இருக்கிறது. 1972-இல் "மன்னோமன்", வீட்டில் ஆம்பளை அதிகாரம் பற்றி. 1978-இல் "மாக்ஸ் உண்ட் மில்லி", குழந்தைக்கும் தனக்கென்று உரிமை உண்டு என்பது பற்றி. நடுவில் 1973-இல் "பப்பதாகிஸ் வீட்டில் ஒரு விருந்து". ஜெர்மனிக்குக் கூலி வேலைக்கு வந்த ஒரு கிரேக்கக் குடும்பமும் அவர்களை முறைத்துப் பார்க்கிற ஒரு ஜெர்மன் குடும்பமும். இப்படியொரு கதையை ஆறு வயசுப் பிள்ளைகளிடம் கொண்டுபோனார்கள், அதுவும் பாட்டோடு, சிரிப்போடு. பாட்டுகளுக்கு இசை அமைத்தவர் பிர்கர் ஹேமன். பெர்லினில் நாற்பது, ஐம்பது வயசுக்காரர்கள் பலர் அந்தப் பாட்டுகளை இன்றும் முணுமுணுப்பார்கள். என் ஆபீஸில் டேட்டாபேஸ் டீமில் ஒருவர் இருக்கிறார், நல்ல தாடி, பேசவே மாட்டார். கிரிப்ஸ் என்று சொன்னதும் காபி மெஷின் பக்கத்திலேயே பாட ஆரம்பித்துவிட்டார்!

எல்லாருக்கும் பிடித்ததா என்றால் இல்லை. பிள்ளைகளுக்குக் கம்யூனிசம் சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சிக்காரர்களும் வலதுசாரிப் பத்திரிகைகளும் எழுபதுகளில் கூச்சல் போட்டார்கள். பள்ளிக்கூடங்கள் பிள்ளைகளை அங்கே கூட்டிப்போகக் கூடாது என்றும் குரல் எழுந்தது. கிரிப்ஸ்காரர்கள் அதற்கெல்லாம் அடங்கவில்லை. நாடகத்தைப் பார்த்த பிறகு வகுப்பில் பேசுவதற்கென்று ஆசிரியர்களுக்குக் கைப்புத்தகமும் போட்டுக் கொடுத்தார்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லியாகணும். சொல்லாமல் விட்டால் நான் ஏன் இந்த நாடகக் கொட்டகையைப் பற்றி எழுதுகிறேன் என்பது புரியாது.

போன குளிர்காலத்தில் ஒரு நாள் பஸ்ஸில் நானும் மகளும் தமிழில் பேசிக்கொண்டு வந்தோம். அவள் தமிழ் ஒரு மாதிரியான தமிழ். நான் திருச்சி, அம்மா வழியில் யாழ்ப்பாணம், ஆகையால் "போயிட்டீங்களோ" என்பாள், "ஓம்ப்பா, தெரியும்ப்பா" என்பாள். அன்றைக்கு ஏதோ ஒரு பூனைக் கதை, குரல் கொஞ்சம் ஏறிப் போச்சு. முன் சீட்டில் இருந்த ஒருவர் திரும்பி, இந்த நாட்டில் ஜெர்மன்தான் பேசணும் என்றார். சத்தம்கூடப் போடவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். நான் அவருக்கு ஒரு வார்த்தையும் பதில் சொல்லவில்லை. மகள் பக்கம் திரும்பி, உதட்டில் விரலை வைத்து, "மெதுவாப் பேசும்மா" என்றேன்.

இறங்கி நடக்கும்போது அவள் எதுவும் கேட்கவில்லை. நானும் விளக்கவில்லை. கெட்ட ஆள், விடு, என்று முடித்துவிட்டேன். ஆனால் அதற்கப்புறம் பஸ்ஸோ ரயிலோ கதவு மூடினதும் அவள் ஜெர்மனுக்கு மாறிவிடுகிறாள். நான் தமிழில் கேட்டாலும் பதில் ஜெர்மனில். இறங்கினதும் மறுபடி தமிழ். ஏதோ சுவிட்ச் போட்டு வைத்த மாதிரி. மனைவி இதைக் கவனித்துவிட்டுச் சொன்னாள்: "நானும் அப்பிடித்தான் இருந்தனான். டோர்ட்முண்டிலை ட்ராமுக்குள்ளை அம்மா கதைச்சா எனக்கு வெக்கமா இருக்கும்." எனக்கு இது புதுச் செய்தி. கல்யாணமாகிப் பத்து வருஷம் ஆச்சு.

சரி, நாடகத்துக்கு வருவோம். அரங்கத்தில் மூன்று பக்கமும் இருக்கைகள், நடுவில் மேடை. எங்கே உட்கார்ந்தாலும் எதிர்ப்பக்கத்துப் பிள்ளைகளின் முகம் தெரியும். இது பெரியவர்களுக்கு ஒரு போனஸ். மேடை போரடித்தால் எதிரே பார்க்கலாம், வாயைப் பிளந்துகொண்டு வரிசையாக அம்பது பிள்ளைகள். வார நாள் காலையில் பள்ளி வகுப்புகள் வந்து நிறைந்துவிடும். வார இறுதிதான் குடும்பங்களுக்கு. ஒவ்வொரு நாடகத்துக்கும் இத்தனை வயசுக்கு மேல் என்று போட்டிருப்பார்கள், அதைக் கட்டாயம் பாருங்கள். அதை மதிக்காமல் நாலு வயசுக் குழந்தையைப் பதின்வயசு நாடகத்துக்குக் கூட்டிவந்த ஒரு அப்பா பாதியிலேயே வெளியே போனதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

நாங்கள் பார்த்த நாடகத்தின் கதையைச் சொல்லப்போவதில்லை, போகிறவர்களுக்குச் சுவை கெட்டுவிடும். ஒரு இடம் மட்டும். வீட்டில் ஏதோ சரியில்லை என்று தெரிந்து குழந்தை கேட்கிறது. அதெல்லாம் பெரியவங்க விஷயம், நீ போய் விளையாடு, என்று அப்பா சொல்கிறார். அரங்கத்தில் இருந்த அத்தனை பிள்ளைகளும் சேர்ந்து "ஓஓ" என்று இழுத்தார்கள். என் மகளும் இழுத்தாள். இழுத்துவிட்டு மெல்லத் திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் மேடையைப் பார்க்கிற மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

முடிந்து வெளியே வரும்போது பழைய நாடகங்களின் படங்கள் மாட்டியிருந்த சுவர்ப் பக்கம் மாமா நின்றுவிட்டார். அவர் பார்த்துக்கொண்டிருந்தது "லீனியே ஐன்ஸ்" படம். அதாவது லைன் நம்பர் 1. இந்தக் கம்பெனியின் மிகப் பெரிய வெற்றி இதுதான். முதல் காட்சி 1986 ஏப்ரல் 30. இன்னும் ஓடுகிறது. ஆயிரத்துத் தொள்ளாயிரம் காட்சிகளுக்கும் மேலே ஆகிவிட்டது. நான் மாஸ்டர்ஸ் படிக்க வந்த முதல் வருஷம், ஜெர்மன் பாதிகூடப் புரியாமல், வகுப்புத் தோழன் ஒருவன் இழுத்துப் போய்க் காட்டிய நாடகம். மாமாவுக்கு நான் கதை சொன்னேன். வெளியூர்ப் பெண் ஒருத்தி வீட்டை விட்டு ஓடி, ஒரு பாட்டுக்காரனைத் தேடி, காலை ஆறு பதினாலுக்கு பான்ஹோஃப் ஸோவில் வந்து இறங்குகிறாள். அங்கிருந்து ஒன்றாம் நம்பர் ரயில் ஏறி கிராய்ஸ்பெர்க் போகிறாள். வழியெல்லாம் மனுஷர்கள். வேலையில்லாதவர்கள், குடிகாரர்கள், வீடில்லாதவர்கள், பழைய நாஜி அதிகாரிகளின் விதவைகள். அந்த விதவைகளாக ஆம்பளைகள்தான் வேஷம் கட்டுவார்கள், சிரிச்சு வயிறு வலிக்கும். ஒரே நடிகர் பத்து வேஷத்தில் வருவார். ராத்திரியே இல்லாமல் பகலே இல்லாமல் ரயிலிலும் பிளாட்ஃபாரத்திலும் நடக்கிற கதை.

இதில் ஒரு சின்ன விஷயம், என்னை மாதிரி ஆட்களுக்குப் பிடிக்கும். இப்போது போய் பான்ஹோஃப் ஸோவில் ஒன்றாம் நம்பர் ரயிலைத் தேடினால் கிடைக்காது. சுவர் விழுந்த பிறகு, 1993-இல், பாதைகளை மாற்றி நம்பர்களைப் புதுசாகக் கொடுத்துவிட்டார்கள். அந்தப் பெண் ஏறிய ரயில் இன்றைய வரைபடத்தில் இல்லை. நாடகத்தில் மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. யாரும் கை வைக்கத் துணியாத பழைய கோடு மாதிரி.

இதையெல்லாம் நான் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். மாமா படத்திலிருந்து கண்ணை எடுக்காமல், "தம்பி, உதிலைதான் நான் ரெண்டு இரவு படுத்தனான்" என்றார்.

"எதுல மாமா?"

"ஸோ ஸ்டேஷனிலை."

மனைவி திரும்பினாள். "அப்பா, நீங்கள் ஃபிரெண்ட் வீட்டை போனதெண்டுதானே சொன்னனீங்கள்?"

"அது மூண்டாம் நாள்."

நாங்கள் அந்த மண்டபத்திலேயே ஓரமாக உட்கார்ந்துவிட்டோம். மகள் மாமாவின் மடிப் பக்கம் சாய்ந்து நின்றாள்.

இரண்டாம் தலைமுறைப் பெற்றோர் பலருக்கு இந்த வழி தெரிந்திருக்கும், தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எண்பதுகளின் நடுவில் நம்மவர்கள் பலர் மாஸ்கோ வழியாகக் கிழக்கு பெர்லினின் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கினார்கள். கிழக்கு ஜெர்மனி டிரான்ஸிட் விசா கொடுத்து ஃபிரீட்ரிஷ்ஸ்ட்ராஸ ஸ்டேஷன் வரை விட்டுவிடும். அங்கே எஸ்பான் ஏறினால் மேற்கு பெர்லின். மேற்குப் பக்கத்தில் பாஸ்போர்ட் பார்க்க ஆளில்லை. ஏனென்றால், பெர்லினுக்கு நடுவே இருப்பது ஒரு நாட்டு எல்லை என்பதையே மேற்கு ஒப்புக்கொள்ளவில்லை. ஆள் வைத்துச் சோதித்தால் ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும்! ரெண்டு அரசாங்கங்களின் இந்த வீம்புக்கு நடுவே கிடந்த ஒரு சந்தில் ஆயிரக்கணக்கான தமிழர்கள் தப்பி வந்தார்கள். 1985 நடுவில் பேச்சுவார்த்தை நடந்து அந்த வழியைத் தமிழருக்கு அடைத்தார்கள். மாமா வந்தது அந்த வருஷம் பிப்ரவரியில். அடைப்பதற்குச் சில மாதம் முன்னாடி.

ஃபிரீட்ரிஷ்ஸ்ட்ராஸவில் ஏறினால் அடுத்து லேர்ட்டர், பெல்வ்யூ, டீர்கார்டன், பிறகு ஸோ. அதாவது மாமா ஏறி வந்த ரயில் இந்தத் தியேட்டரின் பின்பக்கத்துப் பாலத்தின் வழியாகத்தான் போயிருக்கிறது. உள்ளே ஒருவேளை ஏதோ ஒரு நாடகம் நடந்துகொண்டிருந்திருக்கலாம். பப்பதாகிஸ் எழுதிப் பன்னிரண்டு வருஷமாகிவிட்ட நேரம்.

கையில் ஒரு தாள், அதில் ஒரு போன் நம்பர். ஸோவில் இறங்கிப் போன் பண்ணினால் யாரும் எடுக்கவில்லை. எடுக்காதவரின் குற்றமில்லை, அவர் நைட் ஷிஃப்ட். இவருக்கு அது தெரியாது. மைனஸ் குளிர், கொழும்பில் வாங்கிய மெல்லிசான ஜாக்கெட். எண்பதுகளின் பான்ஹோஃப் ஸோ எப்படிப்பட்ட இடம் என்பது ஜெர்மனியில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். போதைக்கு அடிமையான பதின்வயசுப் பிள்ளைகளைப் பற்றி 1978-இல் வந்த புத்தகம், பிறகு படம், எல்லாம் அந்த ஸ்டேஷன் பெயரிலேயே. அங்கேதான் ஒரு தூண் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஒரு மனிசி வந்தவ. தலை எல்லாம் பறட்டை, குடிச்சிருந்தவ. எனக்குப் பயம். பாக்கைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு இருந்தனான். அவ தன்ரை பிளாங்கெட்டிலை பாதியைத் தூக்கி என்ரை காலிலை போட்டிட்டுப் படுத்திட்டா. விடிய என்னை எழுப்பி, கையைப் பிடிச்சு இழுத்துக்கொண்டு போனா. எங்கையோ பொலிசிட்டைக் கொண்டுபோறா எண்டு நினைச்சன். ஸ்டேஷன் பக்கத்திலை சேர்ச் ஆக்கள் பாணும் தேத்தண்ணியும் குடுக்கிற இடம். வரிசையிலை என்னைத் தனக்கு முன்னாலை விட்டவ."

மாமா நிறுத்தினார். "சொல்ல வெக்கமா இருந்தது" என்று ஜெர்மனில் சொன்னார். அதை ஏன் ஜெர்மனில் சொன்னார் என்று நான் பிறகுதான் யோசித்தேன். சொந்த வீடு, கோயில் கமிட்டி, மூன்று பிள்ளைகளும் படித்து நல்ல வேலையில். இதற்கு நடுவே ஸ்டேஷனில் படுத்த கதையை எந்த இடத்தில் சொல்வது? கேட்டால் "ஃபிரெண்ட் வந்து கூட்டிக்கொண்டு போனவர்" என்பார். நாங்களும் மேலே கேட்டதில்லை. நான் பஸ் கதையை முடித்த மாதிரியேதான்.

மகள் கேட்டது ஒரே கேள்வி. "அம்மப்பா, லீனியே ஐன்ஸ்ல அந்த அம்மா இருக்காங்களா?"

இருக்கிறாள் என்றுதான் சொல்லணும். அவளைப் போன்றவர்கள் நாடகம் முழுக்க இருக்கிறார்கள். ஆனால் அந்த நாடகம் பதின்வயசுக்காரர்களுக்கு, அவள் இன்னும் சில வருஷம் காத்திருக்கணும். அவள் பெரியவளானதும் காட்டணும் என்று நான் மனசில் வைத்திருக்கிற இன்னொரு கிரிப்ஸ் நாடகம் 1989-இல் வந்த "இன்றுமுதல் உன் பெயர் சாரா". இங்கே டாய்ட்ஷ்க்ரோன் என்ற யூதப் பெண்ணின் சொந்த வரலாறு. 1939 ஆரம்பத்திலிருந்து யூதப் பெண்கள் எல்லாரும் பெயரோடு சாரா என்று சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது நாஜிச் சட்டம். ஆண்களுக்கு இஸ்ரேல். டாய்ட்ஷ்க்ரோனும் அவர் அம்மாவும் 1943-லிருந்து பெர்லினிலேயே ஒளிந்து வாழ்ந்து தப்பினார்கள். அவருக்கு வேலை கொடுத்துக் காப்பாற்றியவர்களில் ஒருவர் பார்வையிழந்தவர்களை வைத்து பிரஷ் பட்டறை நடத்திய ஓட்டோ வைட். ரோசன்தாலர் தெருவில் 39-ஆம் எண்ணில் அந்தப் பட்டறை இப்போது மியூசியம். சின்ன இடம், கூட்டிப்போகலாம். வெளிநாட்டில் வாழ்ந்த டாய்ட்ஷ்க்ரோன் இந்த நாடகத்துக்காக பெர்லின் வந்தார். பிறகு படிப்படியாக இங்கேயே தங்கிவிட்டார். 2022-இல் இறக்கும்போது வயது 99.

இந்த நாடகங்கள் பயணம் போன தூரமும் கொஞ்சமில்லை. தென்கொரியாவில் கிம் மின்-கி என்ற பாடகர் லைன் 1-ஐ சோல் நகரத்து மெட்ரோவுக்கு மாற்றினார். அங்கே வரும் பெண் ஜெர்மன் கிராமத்துக்காரி அல்ல, சீனாவில் வாழும் கொரியப் பெண். 1994 முதல் 2008 வரை நாலாயிரம் காட்சி. இந்தியாவில் புனேயில் மோகன் அகாஷே 1986-இல் கிரிப்ஸ் நாடகங்களை மராத்திக்குக் கொண்டுவந்தார். "காசிராம் கோத்வால்" நாடகத்தில் நானா ஃபட்னவிஸாக நடித்துப் பேர் வாங்கியவர். தொழிலில் மனநல மருத்துவர். குழந்தை நாடகத்துக்கு ஒரு மனநல மருத்துவர் வந்து நிற்பது தற்செயல் இல்லை என்பது என் அபிப்பிராயம். நம் பக்கத்திலும் பிள்ளைகளுக்கென்றே நாடகம் போட்டவர்கள் உண்டு. யாழ்ப்பாணத்தில் குழந்தை ம. சண்முகலிங்கம், புதுச்சேரியில் "கடல் பூதம்" வேலு சரவணன். ஆனாலும் ஃபிரீட்ரிஷ்ஸ்ட்ராஸவிலிருந்து ஸோ வரையிலான அந்த நாலு ஸ்டேஷனை யாராவது நாடகமாக எழுதினால் முதல் டிக்கெட் நான் எடுப்பேன்.

கிளம்பும்போது இருட்டிவிட்டது. ஸோவுக்குப் போக ஊபானில் ஒரே ஸ்டேஷன்தான், மூணு நிமிஷம். மாமா எஸ்பானில்தான் போகணும் என்றார். பெல்வ்யூ வரை மரங்களுக்கு நடுவே நடந்தோம். அவர் எதுவும் பேசவில்லை, மகளின் கையை மட்டும் பிடித்திருந்தார். ரயில் வந்தது. நல்ல கூட்டம், நின்றுகொண்டுதான் போனோம். கதவு மூடியது.

"அம்மப்பா!" மகள் குரல் பெட்டி முழுக்கக் கேட்டது. "அந்த அம்மாட பேர் என்ன?"

ரெண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். என் விரல் பழக்கத்தில் உதட்டுப் பக்கம் போனது. மனைவி அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

"கேக்கேல்லைப் பிள்ளை" என்றார் மாமா. அவர் குரலும் பெரிதாகத்தான் இருந்தது. "அப்ப எனக்கு டொச் தெரியாது."